பாயிண்ட் ரேயஸில் இரவு தங்கவும் தீ மூட்டவும்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிற பாயிண்ட் ரேயஸ் தேசியக் கடற்கரையில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பகலில் சுற்றிவிட்டு வீடு திரும்புவதற்குக் குடும்பமாகப் போகிறவர்கள் அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்தின் 313 படிகள் திறந்திருக்கும் நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு தங்கவும், மணலில் தீ மூட்டவும்தான் பெர்மிட் வேண்டும்.

தங்குவது என்றதும் நண்பர்கள் முதலில் கேட்பது, கார் டென்ட் வரை போகுமா என்று. போகாது. ஸ்கை, கோஸ்ட், கிளென், வைல்ட்கேட் நான்குமே நடந்து போகும் முகாம்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை மனதில் வைத்துத்தான் நான் முகாம் பார்ப்பேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கோஸ்ட் முகாமுக்குப் போனோம். லகூனா பாதை வழியாக இரண்டு மைலுக்கும் குறைவுதான், படுத்தால் அலைச்சத்தம் கேட்கும். வைல்ட்கேட்டுக்கு, பேர் வேலி (Bear Valley) என்ற இடத்தில் பாதை தொடங்கும் முனையிலிருந்து ஆறு மைலுக்கு மேல். பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) தளத்தில். மூன்று மாதம் முன்னதாக, காலை 7 மணிக்குத் திறக்கும். அக்டோபர் 10 தங்க வேண்டுமென்றால் ஜூலை 10 காலையில் தயாராக உட்காருங்கள். கோடைச் சனிக்கிழமைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வார நாளில் லீவு போட முடிந்தால் அதுதான் நிம்மதி. டொமாலஸ் வளைகுடா ஓரம் படகில் போய்த் தங்க வேறு பெர்மிட், எடுத்துச்செல்லும் கழிப்பறையும் கையோடு வேண்டும்.

நடந்து போகும் அந்த நான்கு முகாம்களில், டென்ட் போடும் ஒவ்வொரு இடத்திலும் சாப்பாடு வைக்க இரும்புப் பெட்டி இருக்கும். புளிசாதப் பொட்டலத்திலிருந்து பற்பசை வரை அதற்குள் போய்விட வேண்டும். இல்லையென்றால் ராத்திரியில் ரக்கூன் என்ற விலங்கு வந்துவிடும்.

அப்புறம் தீ. முகாமுக்குள் விறகு எரிக்கக் கூடாது, சமைக்க கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். கடற்கரையில் மூட்டலாம், அதற்கு இலவச பெர்மிட் தனியாக வாங்க வேண்டும். பேர் வேலி விசிட்டர் சென்டரில் ரேஞ்சரிடம் கேளுங்கள். காய்ந்த, காற்று பலமான நாட்களில் தரமாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். அலை ஏறிவரும் கோட்டுக்குக் கீழே, செடிகளையும் ஒதுங்கிய கட்டைக் குவியலையும் விட்டுத் தள்ளிச் சின்னதாக மூட்டுங்கள். ஆணி உள்ள பலகை கூடாது. அணைக்கும்போது மணலைத் தள்ளி மூடவே மூடாதீர்கள். மேலே குளிர்ந்துபோன மாதிரி தெரியும், அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் கால் வைக்கும். கடல்நீரை வாளியில் மொண்டு ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புகையும் சூடும் அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

முகாம் முன்பதிவு விவரத்தை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். உள்ளே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.