கேன்வாஸ் தரைவிரிப்பு: தூரிகை எடுப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

கையால் வண்ணம் தீட்டிய கேன்வாஸ் விரிப்புகள் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியான வீடுகளின் தரையில் கிடந்தன. பாய்மரத் துணி போன்ற கனமான கேன்வாஸில் ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணத்தைப் பல முறை பூசி, பளிங்குத் தளம் போலக் கருப்பு வெள்ளைக் கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கே நெடுநாள் பிடிக்கும். 1863இல் பிரெடெரிக் வால்டன் லினோலியம் என்ற புது வகைத் தரை விரிப்புக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த விரிப்புகள் மெல்ல வழக்கொழிந்தன. இப்போது அக்ரிலிக் வண்ணமும் வாட்டர்பேஸ் வார்னிஷும் சுலபமாகக் கிடைப்பதால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் செய்பவர்கள் பெரும்பாலும் முழுக் கவனத்தையும் டிசைனில் வைக்கிறார்கள். விரிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அடியில் இருக்கும் துணியும் மேலே பூசும் வார்னிஷும்.

துணியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஓவியக் கடையில் கிடைக்கும் மெல்லிய கேன்வாஸ் சுவரில் மாட்டும் படத்துக்குச் சரி, தரைக்கு உதவாது. சீக்கிரமே ஓரம் சுருளும், நடக்கும்போது அலை அலையாக எழும். கனமான கேன்வாஸுக்கு எண் சொல்லித்தான் விற்பார்கள், அந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும்: எண் கூடக்கூட துணி மெலியும். 10ஆம் எண் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிராம், 8ஆம் எண் சுமார் 610 கிராம். தரைவிரிப்புக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். கடைக்காரர் மடித்துக் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லி, குழாயில் சுருட்டித் தரச் சொல்லுங்கள். கேன்வாஸில் விழுந்த மடிப்பு வண்ணத்துக்கு மேலும் கோடாகத் தெரியும். அதே காரணத்துக்காக வாஷிங் மெஷினிலும் போடக் கூடாது.

அடுத்து, அளவு. 3க்கு 5 அடி விரிப்பு வேண்டும் என்று அதே அளவுக்கு வெட்டிவிட்டால் முடிந்தது கதை. வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரின் ஈரம் பட்டதும் கேன்வாஸ் சுருங்கும், அதுவும் நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் வேறு மாதிரி. நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விட்டு, முன்பக்கம் இரண்டு பூச்சு, பின்பக்கம் ஒரு பூச்சு பிரைமர் கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ஓரம் மடிக்க நான்கு பக்கமும் 1 அங்குலம் விட்டு, மூலைமட்டம் வைத்து அளந்து வெட்டுங்கள். பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓரங்கள் மேலே எழும்பும். அடியில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு வராது. பிளாஸ்டிக் ஷீட்தான் சரி.

ஓரத்தை 1 அங்குலம் பின்னால் மடித்து, மூலைகளைச் சாய்வாக வெட்டி, பசையால் ஒட்டி, கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். தையல் வேண்டாம். மேலே தெரியும் நூல் காலடி பட்டுத் தேய்ந்து அறுந்துவிடும்.

வண்ணம் தீட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடிமனாக ஒரே தடவை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். தடித்த பூச்சு, சுருட்டும்போது வெடிக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடி நிறத்தையே ஒரு கோடு தடவிவிட்டால், மேல் நிறம் உள்ளே கசியாது, கோடு கூராக வரும். டிசைனை மார்க்கர் பேனாவால் வரையாதீர்கள். வார்னிஷ் பட்டதும் அந்த மை கசிந்து பரவும்.

வார்னிஷில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷ் உறுதியானதுதான், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும். வெள்ளை பழுப்பேறும், நீலம் பச்சை பக்கம் சாயும். வெளிர் நிற டிசைனுக்கு வாட்டர்பேஸ் பாலியூரித்தேன் நல்லது. டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும். அடி வரை குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். மெல்லிய பூச்சாக நான்கு, நடுவில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். மழை நாளில், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது பூசினால் பால் போல மங்கிவிடும். என் கருத்தில் பளபளப்பான வார்னிஷைவிட மிதமாக மினுங்கும் சாட்டின் வகை மேல். வழுக்கலும் குறைவு, துணியின் சிறு மேடுபள்ளமும் கண்ணில் படாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே இறுக இன்னும் சில வாரமாகும். குறைந்தது ஒரு வாரமாவது மேசை நாற்காலி எதையும் மேலே வைக்க வேண்டாம்.

விரித்த பிறகும் இரண்டு விஷயம் உண்டு. டைல்ஸ், மொசைக் தரையில் வெறும் கேன்வாஸ் சறுக்கும், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. அதனால் காற்றோட்டமுள்ள வழுக்காத அடிவிரிப்பு கட்டாயம். அப்புறம், நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறோம். விரிப்பை எடுத்துவிட்டுத் துடைத்து, தரை முழுதும் உலர்ந்த பிறகே போடுங்கள், இல்லையென்றால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். விரிப்பின் மேற்புறத்துக்குப் பிழிந்த துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு ஒரு அகலமான குழாயில் சுருட்டுங்கள்.