முப்பது சதவீதம் என்றால் கையில் எத்தனை ரூபாய்?

2004இல் எங்கள் தொழிற்சாலையில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தான அன்று, கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து "முப்பது சதவீத உயர்வு வாங்கிவிட்டோம்" என்று அறிவித்தது நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்கருவி செய்யும் கம்பெனி அது. அசெம்பிளி லைனில் 29 வருடம் வேலை பார்த்தேன், அதில் 11 வருடம் சங்கப் பொருளாளர். அன்று கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த மாதம் சம்பளச் சீட்டு வந்தது. கேன்டீனில் வேலை பார்த்த அக்கா சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் பெஞ்சுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, முப்பதுன்னு சொன்னியே, எங்கே முப்பது?"

அவருடைய மொத்தச் சம்பளம் அப்போது 11,000 ரூபாய். அதில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 3,000தான். மீதியெல்லாம் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவை. முப்பது சதவீதம் பேசிக்குக்கு மட்டும் என்பதால் கூடியது 900 ரூபாய். 11,000க்கு 900 என்றால் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அக்கா 3,300 வரும் என்று நம்பி மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒப்பந்தத்தில் முப்பது என்றுதான் இருந்தது. எதில் முப்பது என்று நான் மைக்கில் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டதற்கு அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அதன்பிறகு எந்த உயர்வுச் செய்தியைப் பார்த்தாலும் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

நோட்டில் நான்கு கட்டம்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம், அந்த வித்தியாசம் முன்பிருந்ததில் எத்தனை சதவீதம். மூன்றாவது கட்டம் எண்ணிக்கை உயர்வு. நான்காவது விகித உயர்வு. செய்திகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள், எது பெரிதாகத் தெரிகிறதோ அதை. மற்றதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கும் நிரம்பாத செய்தியை நான் யாருக்கும் ஃபார்வர்டு செய்வதில்லை.

2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், மாதாந்திரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு, லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. முன்பு 48, இப்போது 60, வித்தியாசம் 12. 12ஐ 48ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 25 சதவீதம். வகுப்பது எப்போதும் பழைய எண்ணால். இதில்தான் நிறைய பேர் தவறுவார்கள். 60ஆல் வகுத்தால் 20 என்று வரும். பால் விலை மறுபடி 60இலிருந்து 48க்கு இறங்கினால்தான் அந்த 20 சரி. ஏறும்போது 25, இறங்கும்போது 20, ரூபாயோ இரண்டு தடவையும் 12தான்.

அப்புறம், இந்த 25 சதவீதம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் அந்த 12 ரூபாய் எல்லோருக்கும் ஒன்று இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 360 ரூபாய் கூடும். இருபது லிட்டர் எடுக்கும் டீக்கடைக்கு ஒரு நாளைக்கே 240. ஆக, செலவைத் திட்டமிட மூன்றாவது கட்டம் வேண்டும். பால் மற்ற பொருட்களைவிட வேகமாக ஏறியதா என்று பார்க்க நான்காவது கட்டம் வேண்டும்.

அடி சின்னதா, பெரிதா

முன்பிருந்த எண்ணைத்தான் அடி என்கிறேன். அது சின்னதாக இருந்தால் சதவீதம் பூதமாக வளரும். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியை இரண்டு ரூபாய் ஆக்கினால் அது 100 சதவீத உயர்வு. இதே கணக்கு வலிக்கும் இடம் ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷனை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். நானும் அதே திட்டத்தில் பென்ஷன் வாங்குகிறவள்தான். அந்த ஆயிரத்தை நாளைக்கு இரண்டாயிரம் ஆக்கினால் தலைப்பு "பென்ஷன் 100 சதவீதம் உயர்வு" என்று வரும். கையில் வரும் கூடுதல் ஆயிரத்தில், 2025 ஏப்ரலில் சென்னையில் இருந்த 868 ரூபாய் 50 காசு விலைக்கு, ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினால் மீதி 131 ரூபாய் 50 காசு. முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த மனுஷிக்கு 100 சதவீதம் என்று சொல்லி அதைக் கொடுத்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

அடி பெரிதானால் நேர் எதிர். சதவீதம் இறங்கிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். இந்திய மக்கள்தொகைதான் இதற்கு நல்ல பாடம். 1961க்கும் 1971க்கும் இடையில் வளர்ச்சி 24.8 சதவீதம், கூடியவர்கள் சுமார் 10.9 கோடி. 1991க்கும் 2001க்கும் இடையில் வளர்ச்சி 21.5 சதவீதம்தான், ஆனால் கூடியவர்கள் 18.2 கோடி. "மக்கள்தொகைப் பெருக்கம் குறைகிறது" என்று ஒருவரும் "முன்னைவிட அதிகம் பேர் கூடுகிறார்கள்" என்று இன்னொருவரும் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். குடும்பங்கள் சின்னதாகின்றனவா என்று பார்க்கிறவருக்கு விகிதம் வேண்டும். எத்தனை பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று பார்க்கிறவருக்கு எண்ணிக்கை வேண்டும். அடுத்த பத்தாண்டில், 2001 முதல் 2011 வரை, விகிதம் 17.7 ஆக இறங்கியது. கூடியவர்கள் எண்ணிக்கை அதற்கு முந்தைய பத்தாண்டைவிட ஒரு இழை குறைந்தது.

நம் ஊரைப் பாருங்கள். அதே 2001-2011இல் சென்னை மாவட்டத்தில் 3 லட்சம் பேர்தான் கூடினார்கள், 7 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 11.2 லட்சம், 39 சதவீதம். நான் குடியிருக்கும் அம்பத்தூர் அந்தக் கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. 2011 அக்டோபரில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, மக்கள்தொகை 46.5 லட்சத்திலிருந்து சுமார் 67 லட்சம் ஆனது. இதை வைத்து "சென்னை திடீரென்று 44 சதவீதம் வளர்ந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரும் குடிபெயரவில்லை, கோடுதான் நகர்ந்தது. முன்பு, இப்போது என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே பொருளைத்தான் அளக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடியை மாற்றினால் உயர்வும் மாறும்

சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஏழாவது ஊதியக் குழுக் கணக்கை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச பேசிக் 7,000இலிருந்து 18,000 ஆனது. இப்படிப் படித்தால் 157 சதவீத உயர்வு. ஆனால் அந்த 7,000 வாங்கியவருக்கு அப்போதே 125 சதவீத அகவிலைப்படி, அதாவது பஞ்சப்படி, வந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் 15,750. புதிய 18,000க்குள் அந்தப் படி கரைந்துவிட்டது. உண்மையில் கூடியது 2,250 ரூபாய், 14.3 சதவீதம்.

அதே குழுவில் உச்சத்தில் இருப்பவருக்கு 90,000 பேசிக் 2,50,000 ஆனது. படியோடு சேர்த்துப் பழைய தொகை 2,02,500. கூடியது 47,500, அதாவது 23.5 சதவீதம். கீழே 2,250, மேலே 47,500. நான்கு கட்டத்தையும் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பது நியாயம் போலத் தெரியும். 12,000 வாங்குபவருக்கும் 60,000 வாங்குபவருக்கும் பத்து சதவீதம் கொடுங்கள். ஒருவருக்கு 1,200, இன்னொருவருக்கு 6,000. இருவருக்கும் நடுவே இருந்த 48,000 ரூபாய் தூரம் 52,800 ஆகிவிடும். மாறாக எல்லோருக்கும் சமமாக 2,000 கொடுத்தால் தூரம் 48,000 ஆகவே நிற்கும், கீழே உள்ளவருக்கு அது 16.7 சதவீதம், மேலே உள்ளவருக்கு 3.3. "மேலே உள்ளவர்களின் அனுபவத்துக்கு மதிப்பு இல்லையா?" என்று எங்கள் சங்கத்திலேயே கேட்டவர்கள் உண்டு. அதுவும் நியாயமான கேள்விதான். அரிசியும் பருப்பும் வாங்குவது ரூபாயில் என்பதால் நான் எப்போதும் கீழ்க் கிரேடுகளுக்குச் சம ரூபாய் வேண்டும் என்ற பக்கம் நின்றேன்.

பஞ்சப்படி விஷயத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. பல கம்பெனிகளில் விலைவாசிக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்றுதான் ஒப்பந்தம். 2020இல் வேறு கம்பெனியில் சங்க வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்து, "அக்கா, இண்டெக்ஸ் 338இலிருந்து 118க்கு விழுந்துடுச்சே" என்றான். விழவில்லை. அதுவரை 2001ஐ நூறாக வைத்து எண்ணினார்கள், அந்த செப்டம்பரிலிருந்து 2016ஐ நூறாக வைத்தார்கள். ஆகஸ்டில் பழைய கணக்கில் 338, செப்டம்பரில் புதிய கணக்கில் 118.1. இரண்டையும் இணைக்கும் எண் 2.88. 118.1ஐ அதனால் பெருக்கினால் 340.1. ஆக விலைவாசி 0.6 சதவீதம் ஏறித்தான் இருந்தது. புதிய குறியீட்டில் ஒரு புள்ளி பழைய கணக்கில் கிட்டத்தட்ட மூன்று புள்ளி. பழைய ஒப்பந்தத்தில் எழுதிய புள்ளி ரேட்டைப் புதிய புள்ளிக்கு அப்படியே போட்டால் தொழிலாளிக்கு வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அவனை அன்றைக்கே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னேன்.

சதவீதமே ஏறும்போது

வட்டி, வேலையின்மை, தேர்ச்சி விகிதம், இவையெல்லாம் ஏற்கெனவே சதவீதத்தில் இருப்பவை. இவை ஏறினால் குழப்பம் இரட்டிப்பு. ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. இது 2.5 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதமாகப் பார்த்தால் 62.5 சதவீத உயர்வு. "இரண்டரைதானே" என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம், "அறுபத்திரண்டா!" என்று பதறவும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடுங்கள். இருபது லட்சம், இருபது வருடம், வட்டி 6.5இலிருந்து 9 ஆனால் மாதத் தவணை சுமார் 14,900இலிருந்து 18,000 ஆகும். கூடுவது 3,100, ஏறக்குறைய 21 சதவீதம்.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று நினைப்பதும் இதே ரகம். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம், அடுத்த ஏப்ரலில் 4.7. குறைந்தது வேகம் மட்டும். 2021 ஏப்ரலில் 100 ரூபாய்க்குக் கிடைத்தது 2022இல் 107.79, 2023இல் சுமார் 112.86.

உடம்பு சம்பந்தப்பட்ட செய்தியில் நான்கு கட்டத்தை மறக்கவே கூடாது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று அரசுத் தரப்பில் எச்சரித்தார்கள். 100 சதவீத உயர்வு என்று படித்த பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு இருந்தது ஏழாயிரத்தில் இருவர் ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன. கர்ப்பமும் கருக்கலைப்பும் அந்த மாத்திரையைவிட அதிக உறைவு ஆபத்து தரக்கூடியவை. எங்கள் லைனில் பெண்களே அதிகம், மாத்திரை பற்றி ஏதாவது செய்தி வந்தால் மதிய இடைவேளையில் அதுதான் பேச்சு. "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, முன்பு எத்தனை?" என்று கேளுங்கள், பதில் தெரிந்த டாக்டரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

2008இல் அடுத்த ஒப்பந்தம் முடிந்தபோது நான் மைக்கைப் பிடிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சங்கப் பலகையில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு வரி, நான்கு கட்டம், எல்லாம் மொத்தச் சம்பளத்தில் என்று எழுதி ஒட்டினேன். கேன்டீன் அக்கா வந்து தன் வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். 13,500, 15,500, 2,000, 14.8. மூன்றாவது கட்டத்தில் விரலை நிறுத்தி, "அடுத்த தடவை இதை முதல்ல எழுதும்மா" என்றார். 2011 ஒப்பந்தத்தில் அப்படியே எழுதினேன்.