தண்ணி மாத்திரை போட்டும் ஒண்ணுக்குக் குறைந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட கிளினிக்கில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்ட லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் மாத்திரைப் பையோடு யாராவது வாசலில் நிற்பார்கள். "டிரசர் ஐயா, அவருக்கு ஒண்ணுக்கே சரியா போகல. இன்னொரு தண்ணி மாத்திரை கொடுக்கட்டுமா?"

கொடுக்காதீர்கள். தண்ணி மாத்திரை என்பது உடம்பில் தேங்கிய நீரை ஒண்ணுக்கு வழியாக வெளியேற்றுகிற மருந்து. முதலில் அளந்து பாருங்கள்.

காலையில் எழுந்ததும் போகிற நீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் போவதையெல்லாம், மறுநாள் அதே நேரத்து நீர் வரை, மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் அளந்து எழுதுங்கள். ஜக்கின் மேல் மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதி வையுங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் அதில் சிராப் கலக்கிவிடும். பேம்பர்ஸ் போடுபவராக இருந்தால் நனைந்ததை நிறுத்து, காய்ந்ததன் எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. குடித்ததையும் எழுதவேண்டும்: கோப்பி, கஞ்சி, ரசம் எல்லாமே கணக்கு. முழு நாளுக்கும் சேர்த்து 400 மில்லிக்குக் கீழே என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஃபுருசமைட் என்ற மாத்திரைதான் இங்கே பலருக்கும் கொடுப்பது. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் போல ஓடும். அதனால் காலையில் போடுவது நல்லது. இரண்டு வேளைக்காரர்கள் அடுத்ததை மதியம் 2 மணிவாக்கில் முடித்துவிட்டால் ராத்திரி இருட்டில் தட்டுத்தடுமாறி எழ வேண்டாம். டாக்டர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுதான் சரி.

குறைந்ததற்குக் காரணம் பல. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடம்பில் நீரே இருக்காது. அப்போது கூடுதல் மாத்திரை கொடுப்பது காய்ந்த துணியைப் பிழிவது மாதிரி, சிறுநீரகம்தான் அடிபடும். வழக்கமான மாத்திரையைக்கூட அன்றைக்குக் கொடுக்கலாமா என்று கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேளுங்கள். முட்டி வலிக்கு வாங்கிய பொன்ஸ்தான், வோல்டரன் வகை மாத்திரைகள் தண்ணி மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரப்பர் மரம் வெட்டி முதுகு வளைந்தவர்கள் இதை மிட்டாய் போலத்தான் விழுங்குகிறார்கள், என்ன சொல்லியும் கேட்பதில்லை. வயதான ஆணுக்கு அடிவயிறு உப்பி, முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், நீர் உள்ளே தங்கி வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். டியூப் போட்டால்தான் வெளியேறும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தினமும் பசியாறும் முன், ஒண்ணுக்குப் போன பிறகு, எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தும்போது குழி விழுந்து நின்றால், நீர் கட்டுகிறது, கிளினிக்கில் காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்காமல் 999 அவசர எண்ணுக்குப் போன் போடுங்கள்.

"சூடு பிடித்திருக்கு, இளநீர் கொடு" என்பார்கள். பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற இன்னொரு தண்ணி மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு, அது ஆபத்து. இளநீரில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பு கெடும். கருவாடு, கிச்சாப் (சோயா சாஸ்), மேகி மீ உப்பும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது அளவு எழுதிய நோட்டோடு எல்லா மாத்திரையையும் எடுத்துப் போங்கள், சீன மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலம் உட்பட. டாக்டர் திட்டுவார் என்று அதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.