மழலையர் வகுப்பின் கற்றல் மூலைகள்: மலையில் நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பு உப்பாக இருப்பதில்லை. சமவெளியில் நடந்த ஒரு பயிற்சியில் பார்த்துவிட்டு வந்து, நானும் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் தூள் உப்பைப் பரப்பி, வகுப்பின் ஓர் ஓரத்தில் 'விரலால் எழுதும் மூலை' என்று, பிள்ளைகள் தாமே கையால் செய்து கற்கும் இடமாக வைத்தேன். மறுநாள் காலையில் தாம்பாளம் முழுக்கக் கசிந்த கூழ். பிள்ளைகள் விரலை வைத்தார்கள். கோடு விழவில்லை, விரல்தான் விறைத்தது. இரண்டு பேர் நக்கிப் பார்த்தார்கள்.

இங்கே நாம் செய்யும் முதல் தவறு இதுதான். கீழ்நாட்டு வகுப்பறையை அப்படியே மலைக்கு ஏற்றிவிடுகிறோம். மூடுபனியில் உப்பும் ரவையும் ஈரம் இழுக்கும். அட்டையில் வெட்டிய எழுத்துகள் முறுக்கிக்கொள்ளும். ஒட்டிய பசை நாள் முழுக்கக் காயாது. நான் இப்போது உப்புக்குப் பதிலாக முழுக் கேழ்வரகைத் தாம்பாளத்தில் பரப்புகிறேன். மணி மணியாக உருளும், கட்டிப்படாது, விரல் போன வழி தெளிவாகத் தெரியும். நெல்லில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தானே. தானியம் மட்டும் மாறியிருக்கிறது. கோதுமை மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் கையில் கொடுத்தால் உருட்டுவார்கள். ஆறிய மாவு கல் மாதிரி. வெறும் சிமெண்டுத் தரையில் உட்காரவைக்காதீர்கள். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பார்கள். ஸ்வெட்டர். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று அம்மாக்கள் பெரிய அளவில் எடுத்திருப்பார்கள். கை நுனி விரலை மூடிக்கொண்டிருக்கும். அதை இரண்டு மடிப்பு மடித்துவிடாமல் 'கையால் கற்றல்' என்று பேசிப் பயனில்லை.

அடுத்த தவறு, மூலையைப் பார்வையாளருக்காக அமைப்பது. அதிகாரி வருகிறார் என்றால் தோரணம் கட்டி, படங்களை நம் கண் உயரத்துக்கு மாட்டுகிறோம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் 95 சென்டிமீட்டர். தரையில் உட்கார்ந்தால் கண் மட்டம் ஏறத்தாழ அதில் பாதி. அந்தப் படத்தில் அவர்களுக்குத் தெரிவது கீழ்விளிம்பு மட்டும். பொம்மைகளோ பிளாஸ்டிக் உறைக்குள் 'பத்திரமாக' இருக்கும். கதைப் புத்தகங்கள் பீரோவுக்குள். கிழியாத புத்தகம் உள்ள கதை மூலையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூலைகள் அதிகமானாலும் கெடுதல். இருபது பிள்ளைகளுக்கு நான்கு மூலைகள் தாராளம். கட்டைகள், கதை, வீட்டு விளையாட்டு, எழுத்து. தினமும் பொருளை மாற்றுவதும் வேண்டாம். பெரியவர்களுக்குத்தான் சலிப்பு, பிள்ளைகள் ஒரே மூடியை நாற்பது தடவை திறந்து மூடுவார்கள். அப்போது 'போதும், அடுத்ததுக்கு வா' என்று இழுப்பதுபோல வேறு குறுக்கீடு கிடையாது. இதைக் கண்டு சொன்ன இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தவர். உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, கொடைக்கானலில் தங்கி வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தார். பழனி மலைக் குளிரில் அவருக்கும் இந்தத் தொல்லைகள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருடைய உப்புத்தாள் எழுத்துகளைப் பலரும் செய்கிறார்கள், செய்து சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். அது பார்க்க அல்ல, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தடவ. தடவும்போதே வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். கடையில் எண் கேட்டு வாங்குங்கள். 60-ஆம் எண் தாள் பிஞ்சு விரலைச் சிராய்த்துவிடும். 150-க்கு மேல் போனால் பதமாக இருக்கும். முறுக்காமல் இருக்கப் பிளைவுட்டில் ஒட்டுங்கள். வாய் சொல்ல வேண்டியது 'ஆனா, ஆவன்னா' என்ற பெயரை அல்ல, 'அ, ஆ' என்ற ஒலியை.

247 எழுத்துகளையும் வரிசை மாறாமல் கொண்டுபோக வேண்டும் என்ற பிடிவாதமும் உண்டு. ஔ-வுக்கு ஔடதம், ஃ-க்கு எஃகு. மூன்று வயதில் யார் எஃகு கேட்டார்கள்? ட, ப, ம என்று எளிய எழுத்துகளில் தொடங்கினால் படம், மடம் என்று சொல்லே கிடைத்துவிடும். அதற்கும் முன்பு, நான்கு கோடு நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு கூடைப் பட்டாணியை நடுவில் வையுங்கள். ஊட்டிப் பட்டாணிக்காயை உரிக்கும் இரண்டு விரல் பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும். பக்கத்திலேயே இருங்கள், மூக்குக்குள் போகும்.

நான் அதிகம் வருந்தும் தவறு மொழியில் செய்தது. ப எழுத்துக்குப் பால் டம்ளர் படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்று கேட்டேன். படுகர் வீட்டுப் பையன் ஒருவன் உரக்க, 'ஹாலு!' என்றான். நான், 'தப்பு, பால்' என்றேன். அவன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அவன் சொன்னதில் என்ன தப்பு? படுக மொழியில் பால் ஹாலுதான், பூ ஹூதான். பக்கத்து எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பெண் அதையே 'தூத்' என்பாள். கூடலூர்ப் பக்கம் மலையாளமும் பணியர் பழங்குடியினரின் பேச்சும் கலந்து வரும். எழுத்து என்பது ஒலிக்கு வைத்த குறி. அந்த ஒலி பிள்ளையின் காதில் ஏற்கனவே இருந்தால்தான் குறி ஒட்டும். இப்போது முதலில் வீட்டுச் சொல்லை வாங்கிக்கொள்கிறேன். 'உங்கள் வீட்டில் ஹாலு, இவள் வீட்டில் தூத், இங்கே பால்.' மூன்றையும் எல்லாரும் சேர்ந்து கைதட்டிச் சொல்கிறோம். அதன் பிறகுதான் ப. அந்தப் பையன் இப்போது என்னைத் திருத்துகிறான்.

பொறுக்கி வரும் பொருள்களில் கவனம் வேண்டும். பைன் கூம்பு, சில்வர் ஓக் இலை எல்லாம் நல்லவை, எண்ணலாம், அடுக்கலாம். தைல மரக் காய்களைத் தனியே கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும் அளவு. வேலியோரம் மணிபோல் தொங்கும் வெள்ளை ஊமத்தைப் பூ அழகுதான், ஆனால் நஞ்சு. குன்றிமணியும் அப்படியே. மருந்து அடித்த தேயிலைக் கொழுந்தையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

கேழ்வரகைச் சாயங்காலம் மூடி போட்ட தகர டின்னில் கொட்டிவிடுங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை தாம்பாளத்தில் எலி எழுதிவைத்திருந்தது.