எல்லாரும் ‘பழமைவாதி’ அல்ல: சரியான சொல்லை எடுப்பது எப்படி?

புதுக் கருத்தை ஏற்காதவர் யாராக இருந்தாலும் ‘பழமைவாதி’ என்று எழுதிவிடுகிறோம். ஏன் ஏற்கவில்லை என்று பார்த்துச் சொல்லை எடுங்கள்.

காரைக்குடியில் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்க்கிறார்கள் என்று வைப்போம். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பெயர்ந்து விழும். இதை விளக்கிய பிறகும் “சிமெண்ட்தான்” என்று நிற்கும் கொத்தனார் பழமைவாதி அல்ல. அவர் கேட்பதே புதுச் சரக்கு. அது ‘வறட்டுப் பிடிவாதம்’. பேச்சில், ‘தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்’. சுண்ணாம்பு வேலையையே பார்த்திராதவர் என்றால் ‘கிணற்றுத் தவளை’. அங்கே குறை அறியாமை, அடம் இல்லை. முன்னோர் செய்தது என்பதற்காகவே மாற்றத்தை மறுப்பவர்தான் பழமைவாதி. ‘கட்டுப்பெட்டி’ என்பது பெரும்பாலும் உடையிலும் நடத்தையிலும் பழைய வழக்கத்தை விடாதவரைச் சொல்வது.

‘கொள்கைப் பிடிப்பு’ பாராட்டுச் சொல். குறையாக எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது தவளை வேண்டவே வேண்டாம், மனசு புண்படும். “ஐயா சொன்னா சொன்னதுதான், மாத்திக்க மாட்டாக” என்றால் விஷயமும் புரியும், மரியாதையும் குறையாது.