மலசலகூடக் குழி வெட்ட முன் மண்ணைப் பாருங்கள்

கொழும்பைச் சுற்றிக் குழாய்க் கழிவுநீர் இணைப்பு இல்லாத இடத்தில் வீடு கட்டுகிறீர்களா? கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு குழி வரும் இடத்தில், கழிவுநீர் மண்ணில் இறங்கப்போகும் ஆழத்தில் சின்னக் குழி தோண்டி, முதல்நாள் இரவே நீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் திரும்ப நிரப்பி அளவுகோல் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அது களிமண். சாதாரண உறிஞ்சு குழி விரைவில் நிரம்பிவிடும். தெஹிவளைக் கடற்கரைப் பக்க மணலில் நிமிடத்திலேயே இறங்கும். நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், வடிகட்டப்படாத கழிவு நேரே கிணற்றுக்குப் போகும். வெல்லம்பிட்டி போன்ற சதுப்பு நிலமா? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அங்கே நீர் கசியாத கொங்கிறீட் தொட்டி கட்டி, கலி பவுசரில் (கழிவை உறிஞ்சி எடுத்துச்செல்லும் தாங்கி வண்டி) எடுப்பதே பாதுகாப்பு. இந்தச் சோதனையை ஒக்டோபர், நவம்பர் மழையில் செய்தால்தான் உண்மை தெரியும்.