பழைய த்ரில்லர் நாடகம் மறுபடி மேடையேறினால்: விமர்சனம் எழுதும் முறை

ஃபிரெடரிக் நாட் எழுதிய 'வெயிட் அன்டில் டார்க்' ('இருட்டும்வரை காத்திரு') நாடகம் 1966இல் நியூயார்க்கின் பிராட்வேயில் லீ ரெமிக் நடிப்பில் 370க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. பொம்மைக்குள் ஒளித்த ஹெராயினைத் தேடி மூன்று ஏமாற்றுக்காரர்கள் பார்வையற்ற சூசியின் வீட்டுக்குள் நுழையும் கதை. இன்றும் பல ஊர்களில் மேடையேறுகிறது. இதை வைத்தே சொல்கிறோம். மற்ற த்ரில்லர்களுக்கும் பொருந்தும்.

முதலில் எந்தப் பிரதி என்று பாருங்கள். நாட் எழுதியது ஒன்று. ஜெஃப்ரி ஹேட்சர் 2013இல் கதையை 1944ஆம் ஆண்டுக்கு நகர்த்தித் திருத்தி எழுதியது இன்னொன்று. நிகழ்ச்சிக் கையேட்டில் இருக்கும். பார்க்காமல் போனால் ஹேட்சர் செய்த மாற்றத்துக்கு இயக்குநரைப் பாராட்டியோ திட்டியோ எழுதிவிடுவீர்கள். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த 1967 படத்தை நாடகம் பார்க்கும் வாரத்தில் தொடவே வேண்டாம். கேமரா முகத்தருகே போய்க் காட்டியதை மேடையில் தேடி, ஏமாந்து, அதையே குறையாக எழுதுவது வழக்கமான தவறு.

அரங்கில் நடுவரிசையில் உட்காருங்கள். முன்வரிசையில் இருந்தால் சத்தம் பின்னால் வரை போகிறதா என்று தெரியாது. இந்த நாடகத்தில் சத்தம்தான் கதை. பார்வையற்ற சூசியின் வீட்டுக்குள் ஏமாற்றுக்காரர்கள் ஜன்னல் பிளைண்டை (மடிப்புத் திரையை) ஏற்றி இறக்கி வெளியே இருப்பவனுக்குச் சைகை காட்டுகிறார்கள். அந்தச் சரசரப்பு அவள் காதில் விழுகிறது, சந்தேகம் முளைக்கிறது. கடைசி வரிசைக்கு அது கேட்காவிட்டால், அவள் காரணமில்லாமல் சந்தேகப்படுவதுபோல் தோன்றும். குற்றம் நடிகையுடையது அல்ல, ஒலியமைப்புடையது. விமர்சனத்தில் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

குறிப்பெடுக்கச் சின்ன நோட்டும் தடித்த பென்சிலும் போதும்; இருட்டில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதனால் பக்கத்துக்கு ஒரு குறிப்புதான். செல்போனை அணைத்துவிடுங்கள். இருமல் எப்போது தொடங்குகிறது, வேண்டாத இடத்தில் எப்போது சிரிப்பு வருகிறது என்பதைக் குறியுங்கள். பிடி தளர்ந்த இடம் அதுதான். முதல் பாதி மெதுவாகப் போகிறது என்ற புகார் இந்த நாடகத்தின்மேல் எப்போதும் உண்டு. பொம்மை, ஹெராயின், சதி என்று விளக்கம் நிறைய. அந்த நேரத்தில் நடிகர்கள் கைக்கு வேலையோடு பேசுகிறார்களா, நின்று ஒப்பிக்கிறார்களா? ஒப்பித்தால் இயக்குநரின் தவறு. வேலையோடு பேசியும் தொய்வடைந்தால் பிரதியின் தவறு.

சூசி விளக்குகளை உடைத்தபின் வரும் இருட்டுக் காட்சிக்குத் தனிப் பத்தி கொடுங்கள். வெளியேறும் வழி விளக்குகளை அணைக்க முடியாது. ஆகவே இருட்டு முழுமையாக இல்லை என்று எழுதுவது நியாயமில்லை. அந்த மங்கல் வெளிச்சம் மேடையில் விழுந்து, பாயப்போகிறவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததா என்பதே கேள்வி. அலறல் வந்ததா, வந்தால் அரங்கு முழுவதுமா, ஓரிரு வரிசையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் நடித்தால் கவனம். 1998 பிராட்வே மறுமேடையேற்றத்தில் குவென்டின் டாரன்டினோ வில்லன் ரோட்டாக நடித்தார், மரிசா டோமே சூசியாக நடித்தார். விமர்சகர்கள் டாரன்டினோவை வறுத்தெடுத்தார்கள். மேடையின் மற்ற வேலைகளுக்கு விமர்சனங்களில் கிடைத்த இடம் குறைவு. முதல் வரைவில் நடிகர் பெயரே இல்லாமல் 'ரோட்' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். 'பயமுறுத்தவில்லை' என்பது போதாது. குரல் ஒரே தாளத்தில் போனதா, மௌனத்தை அவசரமாக நிரப்பினாரா, சூசியை நெருங்கும்போது நடையில் மாற்றமில்லையா?

அறுநூறு சொல் விமர்சனத்தில் கதைக்கு நூறுக்குமேல் வேண்டாம். பொம்மை, மூன்று ஆண்கள், பார்வையற்ற பெண் வரை சொல்லலாம். அவள் விளக்குகளை உடைப்பதைக்கூடச் சொல்லலாம், நாடகத்தின் பெயரே சொல்கிறது. எந்த வெளிச்சத்தை மறந்தாள் என்பதை மட்டும் எழுதாதீர்கள். முதல்முறை பார்க்க வருபவர் காசு கொடுத்தது அந்த நொடிக்குத்தான். தலைப்பையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். நீங்கள் காத்த முடிவை வேறொருவர் வைக்கும் தலைப்பு உடைத்துவிடக்கூடும்.